ஃபுஸ்தாத்தின் காகிதங்களும் தமன்ஹூரின் கப்றும்

யூதர்களின் பழைய வாழ்விடங்களைத் தேடிப் பயணம் போவது இன்று உலகெங்கும் ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. குர்துபாவின் யூதத் தெரு, ஃபாஸ் நகரின் மல்லாஹ், கெய்ரோவின் பென் எஸ்ரா ஆலயம், போலந்தின் கிராக்கோ நகரிலுள்ள கஸிமியேஷ் என்று பயணத் தடங்கள் வகுக்கப்பட்டுள்ளன, வழிகாட்டிகள் இருக்கின்றனர், நினைவுப் பொருள்கள் விற்பனையாகின்றன. துனீசியாவின் ஜெர்பா தீவு போன்ற ஓரிரு இடங்களை விலக்கிவிட்டால், இப்பயணங்களில் பெரும்பாலானவை ஒரு வெறுமையைப் பார்க்கப் போகும் பயணங்களே. கட்டடம் இருக்கும், விளக்கப் பலகை இருக்கும், அங்கே வழிபட்டவர்கள் இருக்கமாட்டார்கள்.

இத்தகைய பயணங்களிலிருந்து பிறந்த நூல்கள் பல. தம் மூதாதையரின் ஊரைத் தேடிப்போன யூதர்கள் எழுதியவையே அவற்றுள் மிகுதி. அந்த வரிசையில் சேராத ஒரு நூல் அமிதவ் கோஷ் 1992-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘இன் ஆன் ஆன்ட்டிக் லேண்ட்’. அதன் ஆசிரியர் யூதர் அல்லர், முஸ்லிமும் அல்லர், கல்கத்தாவில் பிறந்த வங்காள இந்து. அவர் எகிப்துக்குப் போய், முஸ்லிம் உழவர்களின் வீடுகளில் தங்கி, அவர்களுடைய பேச்சு அரபைக் கற்று, அந்த அரபின் துணைகொண்டே எட்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஒரு யூத வணிகரின் வீட்டுக்குள் நுழைந்தார். நாவலா, மானிடவியலா, வரலாறா என்ற விவாதம் இந்நூலைப் பற்றி நிறைய நடந்துவிட்டது. நமக்கு அது தேவையில்லை. இதை ஒரு யூத மரபுத் தேடலாக மட்டும் வைத்துப் பார்த்தால் அது எதைக் கண்டது, எதைக் காணாமல் கடந்தது என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி. முஸ்லிம் வாசகர் இந்நூலை விரும்பிப் படிப்பதற்குக் காரணம் உண்டு. அந்த விருப்பத்தையும் சேர்த்தே நாம் ஆராய வேண்டும்.

1978-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்த கோஷின் கையில், எஸ். டி. கொய்ட்டைன் 1973-இல் மொழிபெயர்த்து வெளியிட்ட இடைக்கால யூத வணிகர்களின் கடிதத் தொகுப்பு கிடைத்தது. அதில் ஒரு கடிதம் 1139-இல் ஏடனிலிருந்து கலஃப் இப்னு இஸ்ஹாக் என்பவர் மங்களூரில் இருந்த ஆபிரகாம் பென் யிஜுவுக்கு எழுதியது. சரக்குகளைப் பற்றிய நீண்ட செய்திகளுக்குப் பின், பென் யிஜுவின் இந்திய அடிமைக்கும் ஸலாம் சொல்லி அக்கடிதம் முடிகிறது. மன்னர்களையும் படைத்தலைவர்களையும் மட்டுமே வரலாறு பெயர் சொல்லி அழைத்த காலத்தில், ஓர் அடிமை ஒற்றை வரியில் எட்டிப்பார்த்து மறைகிறான். அந்த ஒற்றை வரிதான் கோஷை எகிப்துக்கு அனுப்பியது. 1980-இல் அவர் தமன்ஹூருக்கு அருகிலுள்ள கிராமப்புறத்தில் குடியேறினார். லதாயிஃபா, நஷாவி என்பன அக்கிராமங்களுக்கு அவர் நூலில் வழங்கும் பெயர்கள்.

அக்கடிதங்கள் நமக்குக் கிடைத்த வரலாறு தனியே சொல்லத்தக்கது. இறைவனின் திருநாமம் எழுதப்பட்டிருக்கக்கூடிய எந்தத் தாளையும் அழிக்கலாகாது என்பது யூதர் வழக்கம். பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா ஆலயத்தில், பெண்கள் தொழும் மாடத்தின் கோடியில் உயரத்தில் ஒரு திறப்பு. அதன்வழியே உள்ளறைக்குள் பயன்தீர்ந்த தாள்களைப் போட்டுவந்தனர். கெனீஸா என்பது அதன் பெயர். வேதப் பிரதிகள் மட்டுமின்றி, திருமண ஒப்பந்தம், கடன் சீட்டு, மருந்துக் குறிப்பு, சரக்குப் பட்டியல் என எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது. 1896-இன் இறுதியில் கெய்ரோ சென்ற சாலமன் ஷெக்டர், பெரும்பகுதியை மறு ஆண்டே கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிவிட்டார். இன்று அங்குள்ள துணுக்குகள் மட்டும் 1,90,000-க்கு மேல்.

நம்மவர்க்கு இச்செய்தியில் வியப்பு எழக் காரணமில்லை. நைந்துபோன முஸ்ஹஃப் ஏடுகளைக் காலில் படாத இடத்தில் புதைப்பதும், கிணற்றில் இடுவதும், பள்ளிவாசலின் பரணில் சேர்த்துவைப்பதும் நாம் கண்ட வழக்கங்களே. 1972-இல் ஸன்ஆவின் பெரிய பள்ளிவாசலைப் பழுதுபார்த்தபோது கூரைக்கடியிலிருந்து கிடைத்த திருக்குர்ஆன் ஏடுகள் இத்தகைய கண்ணியத்தால் பிழைத்தவைதாம். இன்னொன்றும் உண்டு. கெனீஸாக் கடிதங்களின் மொழி பெரும்பாலும் அரபு. எழுத்து மட்டுமே எபிரேயம். தமிழை அரபு எழுத்தில் எழுதி மார்க்க நூல்களையும் வீட்டுக் கடிதங்களையும் வளர்த்த சமூகத்துக்கு இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாழும் ஊரின் மொழியே தாய்மொழி, வேதத்தின் எழுத்தே கைவழக்கு என்ற இரட்டை உரிமையை அர்வி அறிந்தவர் எளிதில் உணர்வர். பென் யிஜுவின் கடிதங்களைப் படிக்கத் தொடங்கிய கோஷ், அவற்றின் அரபு ஏட்டு அரபன்று, தாம் லதாயிஃபாவில் கேட்ட உழவர்களின் பேச்சோடு உறவுள்ளது என்று கண்டுகொள்கிறார். இந்நூலின் ஆகச் சிறந்த கணம் இதுவென்பேன். யூத மரபின் கதவைத் திறந்த சாவி ஒரு முஸ்லிம் கிராமத்தின் நாவில் இருந்தது. வழிகாட்டியோடு பென் எஸ்ராவுக்குள் போய்த் திரும்பும் எந்தப் பயணிக்கும் இது கிட்டாது.

அக்கதவு திறந்து காட்டும் உலகம் பெரிது. பென் யிஜு இஃப்ரீக்கியாவின் மஹ்திய்யாவைச் சேர்ந்தவர். ஏடனுக்கு வந்து, அங்கிருந்து 1132-க்கு முன் மங்களூரை அடைந்தார். மிளகும் பாக்கும் இரும்பும் மேற்கே போயின. சீனியும் காகிதமும் திராட்சையும் பாய்களும் அவருக்கு வந்தன. பித்தளைப் பாத்திரம் வார்க்கும் பட்டறை ஒன்றையும் அவர் நடத்தினார். யூதரும் முஸ்லிமும் குஜராத்தி வணிகரும் ஒருவரையொருவர் நம்பிப் பணத்தையும் சரக்கையும் ஒப்படைத்த காலம் அது. ஸீராஃபைச் சேர்ந்த ராமிஷ்த் என்ற முஸ்லிம் பெருவணிகரின் கப்பல்களில் யூதர்களின் சரக்கு பயணம் செய்தது. அதே ராமிஷ்த்தான் கஅபாவுக்குத் தங்கத்தில் நீர்த்தாரை அமைத்து, விலையுயர்ந்த துணியால் போர்வையும் போர்த்தியவர். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் மலபார் வழியே சென்ற இப்னு பதூதா, கொல்லத்துக்குப் போகும் வழியில் ஒரு குன்றின்மேல் தமக்கென ஒரு தலைவரைக் கொண்டு யூதர்கள் வாழ்ந்ததைச் செய்தியாகவே சொல்லிச் செல்கிறார். யூதர் அங்கே இருப்பது அவருக்கு விந்தையாகப் படவில்லை.

இவ்விடத்தில்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நம் மேடைகளிலும் மலர்களிலும் அந்தலூசும் ஃபுஸ்தாத்தும் எப்போதும் நற்சான்றிதழ்களாகவே எடுத்துக்காட்டப்படுகின்றன. கோஷின் நூலும் அவ்வாறே பயன்படுத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அக்காகிதங்கள் அவ்வளவு இணக்கமான சாட்சிகள் அல்ல. அவற்றைத் தாங்கிநின்ற பென் எஸ்ரா ஆலயமே ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாகிமின் காலத்தில் இடிக்கப்பட்டு, அவருக்குப் பின்வந்தவரின் ஆட்சியில் மீண்டும் எழுந்தது. வாழ்நாள் முழுவதையும் கெனீஸாவுக்கே அளித்த கொய்ட்டைன், திம்மீகள் செலுத்திய ஜிஸ்யா இலகுவான வரி என்றே முதலில் எண்ணியிருந்தார். ஏழை யூதர்களின் மன்றாட்டுக் கடிதங்களைப் படித்த பிறகு அக்கருத்தை அடியோடு மாற்றிக்கொண்டதாகத் தாமே எழுதினார். முவஹ்ஹிதூன்களின் கெடுபிடியால் அந்தலூசைவிட்டு வெளியேறிய குடும்பத்தில் வந்தவர் மைமோனிடீஸ் என்னும் மூஸா இப்னு மைமூன். அவருக்குப் புகலிடமும் அரண்மனை மருத்துவர் பதவியும் அளித்தது ஸலாஹுத்தீனின் எகிப்து. அவருடைய தம்பி இந்தியக் கடலில் வணிகப் பயணத்தில் மூழ்கி இறந்தார். விரட்டியவர்களும் முஸ்லிம்கள், அரவணைத்தவர்களும் முஸ்லிம்கள் என்ற முழுச் செய்தியைச் சொல்லும் துணிவு நம் எழுத்தில் அரிதாகவே தென்படுகிறது.

கோஷும் இந்த இனிமையில் ஓரளவு மயங்கியவரே. போர்த்துக்கீசியர் வரும்வரை இந்தியப் பெருங்கடலில் வணிகம் ஆயுதமின்றி நடந்தது என்பது அவருடைய முதன்மையான வாதங்களுள் ஒன்று. 1498-க்குப் பின் நேர்ந்ததோடு ஒப்பிடுகையில் அதில் உண்மை உண்டு. எனினும் 1135-இல் கிஷ் தீவின் அமீர் ஏடனின்மீது கடற்படை அனுப்பித் தாக்கியதும் அதே காகிதங்களில்தான் பதிவாகியிருக்கிறது. கோஷ் அதைக் குறிப்பிடுகிறார். ஆனால் அவருடைய முடிவில் அதற்கு எடை இல்லை.

அடிமைகளை அவர் கையாளும் விதம் இன்னும் தயக்கமளிப்பது. எபிரேய எழுத்தில் மூன்றே எழுத்துகளாக நிற்கும் அடிமையின் பெயரைத் துளு நாட்டின் பொம்மா என்று அவர் அடையாளம் காணும் பகுதி அருமையான துப்பறிதல். பொம்மா ஏடனில் குடித்துவிட்டுத் தகராறு செய்ததைப் பற்றிய முறையீடு, எந்தப் புகழுரையைக் காட்டிலும் அவனை உயிருள்ள மனிதனாக்குகிறது. ஆனால் ஆஷு என்ற அடிமைப்பெண்ணிடம் வரும்போது கோஷின் நிதானம் தளர்கிறது. 1132 அக்டோபர் 17 அன்று பென் யிஜு அவளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதினார். அவளே அவருடைய பிள்ளைகளின் தாய் என்பது ஆய்வாளர் கருத்து. கோஷ் இதற்கிடையில் காதலை வைத்துப் பார்க்கிறார். காதல் இருந்திருக்கலாம். ஆஷு தானாக ஒரு சொல்லும் அந்த அறையில் விட்டுச்செல்லவில்லை. 1149-இல் பென் யிஜு பிள்ளைகளோடு ஏடனுக்குத் திரும்பிய பிறகு அவளைப் பற்றிய பேச்சே இல்லை. மகள் சித்துத் தாரை ஏடனில் ஓர் அந்நியருக்குக் கொடுக்க மறுத்து, தன் சகோதரனின் மகனுக்கே மணமுடிக்க அவர் காட்டிய தவிப்புதான் கடிதங்களில் நிறைந்திருக்கிறது. மௌனத்தை மௌனமாக விட்டுவைப்பதும் வரலாற்றாசிரியரின் கடமைகளுள் ஒன்று. கொய்ட்டைன் தொகுத்த இந்தியக் கடிதங்களை மொர்டெக்காய் ஃப்ரீட்மன் நிறைவுசெய்து 2008-இல் வெளியிட்டார். பென் யிஜு ஊர்திரும்பும் கப்பலில் ஏற்றிய மூட்டை முடிச்சுகளின் பட்டியலை வைத்தே எலிசபெத் லம்போர்ன் 2018-இல் ஒரு முழு நூல் எழுதினார். பானை, தட்டு, உணவுப் பொருள் என்று விரியும் அப்பட்டியலிலிருந்து ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை ஊகமின்றி அவர் கட்டியெழுப்புவதைப் பார்க்கும்போது, கோஷ் எங்கெங்கே புனைவுக்குள் நழுவினார் என்பது தெளிவாகிறது.

கிராமத்து அத்தியாயங்களில் அந்த நழுவல் இல்லை. நஷாவியின் இமாமுக்கும் கோஷுக்கும் நடந்த சண்டை பலரும் மேற்கோள் காட்டிய பகுதி. இறந்தவரை எரிப்பதும் பசுவை வணங்குவதும் காட்டுமிராண்டித்தனம், முன்னேறிய நாடுகளைப் பார், அவர்களிடம் துப்பாக்கியும் குண்டும் இருக்கின்றன என்று இமாம் சாட, எங்கள் நாட்டிலும் இருக்கின்றன, உங்களுடையதைவிடப் பெரியவை என்று கோஷ் கூச்சலிடுகிறார். இரண்டு பழைய நாகரிகங்களின் வாரிசுகளுக்குப் பொதுவாக எஞ்சியிருந்தது ஆயுதப் பெருமை ஒன்றுதான் என்பதை அவர் தம்மையும் விலக்காமல் பதிவுசெய்கிறார். அதே நேர்மை மங்களூருக்கு அருகே, கடலில் இறந்த ஒரு முஸ்லிம் மாலுமியின் ஆவியென நம்பப்படும் பொப்பரியா பூதத்தின் கோவிலைப் பார்க்கும்போதும் இருக்கிறது. இந்துத்துவம் வேரூன்றிய அம்மீனவர் ஊரில், தெய்வங்களின் வரிசைக்குள் அந்த முஸ்லிம் சத்தமின்றி இடம்பிடித்திருப்பதைக் கண்டு அவர் சிரித்துக்கொள்வது நம்மையும் சிரிக்கவைக்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கும் இருபதாம் நூற்றாண்டுக்கும் இடையே இவ்வளவு இலகுவாகப் போய்வரும் இந்நூல், எகிப்தின் யூதர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு விரிவான இடம் தரவில்லை. ஷெக்டர் அள்ளிச்சென்ற பின் கெனீஸாவின் ஒரு தாள்கூட எகிப்தில் மிஞ்சவில்லை என்பதையும், பாலஸ்தீனத்தைப் பிற்காலத்தில் பிளக்கவிருந்த கோடு முன்கூட்டியே வரலாற்றின் குறுக்கே இழுக்கப்பட்டது என்பதையும் கோஷ் வருத்தத்தோடு எழுதுகிறார். காகிதங்கள் வெளியேறிய கதைக்குப் பல பக்கங்கள் ஒதுக்கியவர், மனிதர்கள் வெளியேறிய கதையைச் சொல்லவில்லை. 1948-இல் எகிப்தில் ஏறத்தாழ 75,000 யூதர்கள் இருந்தனர். நையாண்டி எழுத்தாளர் யஅகூப் ஸனூஉ, பாடகி லைலா முராத் ஆகியோர் பிறந்த சமூகம் அது. தலைமை ரப்பி ஹாயீம் நாஹூம், கெய்ரோவின் அரபு மொழிக் கழகத்தின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர். பாலஸ்தீனர்களை வீடிழக்கச் செய்து இஸ்ரேல் உருவானதும், 1954-இல் இஸ்ரேலிய உளவுத்துறை எகிப்திய யூதர் சிலரைக்கொண்டு குண்டுவைத்ததும் இச்சமூகத்தின் காலடி நிலத்தைப் பறித்தன. இதை நாம் தவறாமல் சொல்கிறோம். 1956 சூயஸ் போருக்குப் பின் 20,000-க்கும் மேற்பட்டோர் சொத்தை இழந்து, திரும்பி வருவதில்லை என்று எழுதிக்கொடுத்து வெளியேறியதையும், 1967-இல் எஞ்சியிருந்த ஆண்களில் பலர் சிறையிலடைக்கப்பட்டதையும் சொல்வதில்லை. ஸியோனிசத்தின் குற்றம் நாஸிரின் அதிகாரிகளுடைய குற்றத்தைக் கழித்துவிடும் கணக்கு எந்த ஃபிக்ஹிலும் இல்லை.

ஷஹாத்தா ஹாரூன் என்ற கெய்ரோ வழக்கறிஞரை இங்கே நினைக்க வேண்டும். இடதுசாரி, ஸியோனிசத்தின் தீராத எதிர்ப்பாளர், எகிப்தைவிட்டுப் போகமாட்டேன் என்று நின்றவர். நோயுற்ற மகளை வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்டபோது, போகலாம், திரும்ப முடியாது என்றார்களாம். அவர் போகவில்லை, குழந்தை இறந்தது. அவருடைய இன்னொரு மகள் மக்தா ஹாரூன் இச்செய்தியைப் பலமுறை பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். கெய்ரோவில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே மிஞ்சிய யூதச் சமூகத்துக்கு 2013-இல் தலைவரானவர் அவர். ஒவ்வொரு போரின்போதும் விசுவாசத்தை மெய்ப்பிக்கும்படி அண்டைவீட்டார் கேட்கும் கேள்வி எத்தகையது என்பதை இந்தியாவில் வாழும் நாம் பிறரைவிட நன்றாகவே அறிவோம். எகிப்தில் அக்கேள்வியைக் கேட்ட இடத்தில் நம்மவர் இருந்தனர்.

கற்கள் இப்போது செப்பமிடப்படுகின்றன. அலெக்சாந்திரியாவின் எலியாஹு ஹன்னபி ஆலயம் 2020-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பென் எஸ்ரா 2023-இல் புதுப்பொலிவோடு பயணிகளை வரவேற்கத் தொடங்கியது. அரசு பெரும்பொருள் செலவிட்டிருக்கிறது, பாராட்டலாம். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டுமென்பது யூத விதி. அதற்கு வெளிநாட்டிலிருந்து விமானத்தில்தான் ஆள்வர வேண்டும்.

கோஷின் நூலில் இம்மௌனம் ஓரிடத்தில் மட்டும் உடைகிறது. ஊரைவிட்டுப் புறப்படும் தறுவாயில் அவர் தமன்ஹூருக்கு அருகிலுள்ள ஸிதி அபூ ஹஸீராவின் அடக்கத்தலத்தைப் பார்க்கப் போகிறார். மொராக்கோவின் தாஃபிலால்த்திலிருந்து ஜெருசலத்துக்குப் புறப்பட்டு 1880-இல் இவ்வூரில் மரணமடைந்த ரப்பி யஅகூப் அபூஹஸீரா அங்கே துயில்கிறார். ஹஸீர் என்றால் பாய். அக்குடும்பத்தின் முன்னோர் ஒருவர் பாயின்மேல் அமர்ந்து கடல்கடந்ததாக ஐதீகம். இத்தகைய கராமத்துகள் நம் கடற்கரை தர்காக்களுக்கும் புதியவை அல்ல. சுற்றுப்புற முஸ்லிம்களும் அவரை வலீயாகவே கருதிவந்தனர். 1979 அமைதி ஒப்பந்தத்துக்குப் பின் இஸ்ரேலிலிருந்து பயணிகள் மவ்லிதுக்கு வரத் தொடங்கினர்; காவலும் வந்தது. கோஷ் அங்கே தடுத்து நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படுகிறார். நீர் யூதரா? இல்லை. முஸ்லிமா? இல்லை. பிறகு உமக்கு இங்கே என்ன வேலை? கண்ணியமான அந்த அதிகாரிக்கு அவரால் விடைசொல்ல இயலவில்லை. பிரித்து அடுக்கப்பட்ட வரலாற்றில் தம் கேள்விக்கு இடமே இல்லை என்று அவர் உணர்கிறார். நூலின் மற்ற பகுதிகளில் இழந்த உலகத்துக்காக ஏங்கும் கோஷ், அதை இழக்கச்செய்த எந்திரத்தின் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பது இங்கு மட்டுமே.

அக்கப்றின் கதை அத்தோடு முடியவில்லை. மவ்லிதுக்கு எதிராக ஊரார் சிலரும் அரசியல் இயக்கங்களும் தொடர்ந்து வழக்காடினர். 2014 டிசம்பரில் அலெக்சாந்திரியாவின் நிர்வாக நீதிமன்றம் ஆண்டுவிழாவை நிரந்தரமாகத் தடைசெய்து, அடக்கத்தலத்தைத் தொல்சின்னங்களின் பட்டியலிலிருந்து நீக்கவும் உத்தரவிட்டது. எலும்புகளைத் தோண்டி ஜெருசலத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற கோரிக்கையும் அவ்வழக்கில் இருந்தது. பிற சமயத்தாரின் கப்றுகளையும் இஸ்லாம் கண்ணியப்படுத்துகிறது, அவற்றைத் தோண்டுவதை அனுமதிப்பதில்லை என்று கூறி நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. ரப்பி அங்கேயே இருக்கிறார்.